வீடு மாறும் உறைமோர்: நாய்களின் தொற்றுப் புற்றுநோய் எப்படி இயங்குகிறது?

வீட்டில் தயிர் அடியோடு தீர்ந்துவிட்டால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி ஒரு கரண்டி மோர் வாங்கி வருகிறோம். காய்ச்சி ஆறவைத்த பாலில் அதை விட்டு மூடி வைத்தால் விடிவதற்குள் தயிர் கெட்டியாக உறைந்திருக்கும். பால் நம்முடையது. அதைத் தயிராக்கிய நுண்ணுயிர்கள் பக்கத்து வீட்டிலிருந்து வந்தவை. அந்த வீட்டுக்கு அவை வேறொரு வீட்டிலிருந்து வந்திருக்கும். பால் அன்றாடம் புதிது. உறையோ தலைமுறை தலைமுறையாகத் தொடர்வது. ஒரு பாத்திரத்துத் தயிர் தீரும், கெட்டும் போகும். அதற்குள் ஒரு கரண்டி அடுத்த வீட்டுக்குப் போயிருந்தால் அந்த நுண்ணுயிர்களின் வம்சத்துக்கு முடிவில்லை.

நாய்களிடையே ஒரு புற்றுநோய் இதே வழியில்தான் வாழ்கிறது. கால்நடை மருத்துவர்கள் ‘டி.வி.டி.’ என்று சுருக்கிச் சொல்லும் நோய் இது. நாயின் பிறப்புறுப்பில் வளரும் தொற்றுக் கட்டி. இந்தியத் தெருநாய்களிடம் இது சாதாரணம். உலகில் குறைந்தது 90 நாடுகளில் பதிவாகியிருக்கிறது. தமிழ்நாட்டுத் தெருவில் ஒரு நாய்க்கும் பிரேசில் தெருவில் இன்னொரு நாய்க்கும் இந்தக் கட்டி இருந்தால், அவை இரண்டு தனித்தனிப் புற்றுநோய்கள் அல்ல. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் வாழ்ந்த ஒரே ஒரு நாயின் உடலில் தோன்றிய செல்களின் வாரிசுகளே இரண்டும். அந்த நாய் எப்போதோ செத்துவிட்டது. அதன் செல்கள் இன்றுவரை சாகவில்லை.

உறை யாருடையது?

‘புற்றுநோய் தொற்றாது’ என்று நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். மனிதர்களைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரி. கருப்பை வாய்ப் புற்றுநோயில்கூட ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போவது எச்.பி.வி. என்ற வைரஸ்தான். அதன் பிறகு புற்றாக மாறுவது அந்தப் பெண்ணின் சொந்தச் செல்கள். நாய்களின் இந்தக் கட்டியில் வைரஸ், பாக்டீரியா எதுவும் இடையில் இல்லை. புற்றுச் செல்லே நேரடியாக இடம் மாறுகிறது. புதிய நாயின் சொந்தச் செல்கள் எதுவும் புற்றாக மாறுவதில்லை. அதன் உடல் பாலைப் போல உணவும் இடமும் தருகிறது. பெருகுவது வந்திறங்கிய செல்கள்தான்.

இதை நிறுவிய கதை 1876-இல் தொடங்குகிறது. ரஷ்யக் கால்நடை மருத்துவர் மிஸ்திஸ்லாவ் நொவின்ஸ்கி ஒரு நாயின் கட்டித் துண்டை வெட்டி வேறு நாய்களின் உடலில் வைத்தார். அங்கே கட்டி வளர்ந்தது. ஓர் உயிரிலிருந்து இன்னோர் உயிருக்குப் புற்றுநோயை வெற்றிகரமாக மாற்றிய முதல் சோதனை இதுவே என்று மருத்துவ வரலாறு குறிக்கிறது.

பிறகு குரோமோசோம்களை எண்ணிப் பார்த்தார்கள். ஆரோக்கியமான நாயின் செல்லில் 78 குரோமோசோம்கள் இருக்கும். இந்தக் கட்டியின் செல்லில் பெரும்பாலும் 57 முதல் 64 வரைதான் இருந்தன. எந்த நாட்டு நாயிடமிருந்து எடுத்தாலும் ஏறத்தாழ இதே கணக்கு, இதே உருவம். ஒவ்வொரு நாயிலும் கட்டி தனித்தனியே தோன்றியிருந்தால் இப்படி ஒரே வார்ப்பாக இருக்க வழியில்லை.

சந்தேகத்துக்கு இடமின்றி இதை நிறுவியது 2006-இல் ‘செல்’ ஆய்விதழில் வந்த கட்டுரை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ராபின் வைஸின் குழு இத்தாலி, இந்தியா, கென்யா உள்ளிட்ட நாடுகளின் நாய்களிலிருந்து கட்டி மாதிரிகளைச் சேகரித்தது. ஒவ்வொரு கட்டியின் டி.என்.ஏ.வையும் அதைச் சுமந்த நாயின் ரத்தத்தில் இருந்த டி.என்.ஏ.வோடு ஒப்பிட்டது. கட்டி தன்னைச் சுமந்த நாயோடு பொருந்தவில்லை. ஆனால் கண்டம் தாண்டி இன்னொரு நாயில் இருந்த கட்டியோடு பொருந்தியது. எல்லாக் கட்டிகளிலும் ‘மிக்’ என்ற மரபணுவுக்கு அருகே ஒரு டி.என்.ஏ. துண்டு தாவி வந்து ஒட்டியிருந்தது. ஆரோக்கியமான நாய்களில் அந்த இடத்தில் அது கிடையாது. இன்றும் இந்த நோயை உறுதிசெய்ய அந்தத் துண்டையே ஆய்வகங்கள் தேடுகின்றன.

எப்படி ஊற்றப்படுகிறது?

ஒரு கரண்டி உறை பாலுக்குள் போய்ச் சேர்ந்தால்தான் தயிர். புற்றுச் செல்லுக்கும் அப்படி ஒரு வழி வேண்டும். நாய்கள் இணைசேரும் விதம் அதை அமைத்துத் தருகிறது. இணைசேரும்போது ஆணின் உறுப்பு பெண்ணின் உடலுக்குள்ளேயே வீங்கிப் பூட்டிக்கொள்ளும். பிரிய முடியாமல் இரண்டும் வெகுநேரம் நிற்பதைத் தெருவில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த நேரத்தில் மெல்லிய சவ்வில் கீறல்கள் விழும். கட்டியோ தொட்டாலே நொறுங்கி ரத்தம் கசியும் தன்மையுடையது. உதிர்ந்த செல்கள் கீறலில் ஒட்டிக்கொள்கின்றன. பெரும்பாலும் 2 முதல் 6 மாதங்களில் புதிய நாயில் கட்டி கண்ணுக்குத் தெரிகிறது.

வேறு வழிகளும் உண்டு. கட்டியை முகர்ந்தாலோ நக்கினாலோ செல்கள் மூக்கிலும் வாயிலும் இறங்கி அங்கே வளரும். மூக்கில் வரும் கட்டி ஆண் நாய்களிடமே அதிகம் காணப்படுகிறது. பெண்ணின் பின்புறத்தை முகர்ந்து நக்குவது ஆணிடம் கூடுதலாக இருப்பதே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஒரு பக்க மூக்கில் மட்டும் நெடுநாள் ரத்தம் வடியும் தெருநாய்க்கு இந்தக் கட்டி இருக்கலாம்.

கண்டுபிடிப்பது கடினமல்ல. கட்டியின் மேல் கண்ணாடித் தகட்டை மெல்ல ஒற்றியெடுத்து, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்தால் போதும். தகடு நிறைய வட்ட வட்டமான செல்கள் தெரியும். ஒவ்வொன்றிலும் பெரிய உட்கரு. அதைச் சுற்றியுள்ள நீலச்சாயம் ஏறிய பகுதியில் சின்னச் சின்ன வெற்றுக் குமிழிகள் வரிசைகட்டி நிற்கும். அந்தக் குமிழி வரிசையைப் பார்த்ததும் அனுபவமுள்ள மருத்துவருக்குப் பெயர் தெரிந்துவிடும்.

பால் ஏன் ஏற்றுக்கொள்கிறது?

இந்த நோயின் மையப் புதிர் இதுதான். ஒருவரின் சிறுநீரகத்தை இன்னொருவருக்குப் பொருத்தினால், எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டியிருக்கிறது. அந்நியச் செல்லை உடல் அடையாளம் கண்டு அழித்துவிடும். அப்படியிருக்க, முன்பின் தெரியாத ஒரு நாயின் செல்களை இந்த நாயின் உடல் எப்படி விட்டுவைக்கிறது?

உறை ஊற்றும்போது பாலின் சூட்டைக் கவனிப்போம். கொதிக்கும் பாலில் விட்டால் உறை செத்துப்போகும். விரல் பொறுக்கும் வெதுவெதுப்பு வந்த பிறகுதான் விட வேண்டும். நாயின் எதிர்ப்பாற்றலை அந்தச் சூடாக வைத்துக்கொண்டால், இந்த உறை பாலைத் தானே ஆறவைத்துக்கொண்டு இறங்குகிறது.

அதற்கு அது இரண்டு காரியங்கள் செய்கிறது. ஒவ்வொரு செல்லும் தன் மேற்பரப்பில் எம்.எச்.சி. என்ற புரதங்களை ஏந்தி நிற்கும். ‘இது நம் செல்லா, வெளியாளா?’ என்று எதிர்ப்பாற்றல் சோதிப்பது அவற்றை வைத்துத்தான். வளரும் கட்டத்தில் கட்டியின் செல்கள் இந்தப் புரதங்களைப் பெரும்பாலும் வெளிக்காட்டுவதில்லை. ஆனால் அடையாளமே இல்லாத செல்லைக் கொல்லவும் உடலில் தனிப்படை உண்டு. இயற்கைக் கொல்லி செல்கள் என்று பெயர். அவற்றைச் சமாளிக்கக் கட்டி டி.ஜி.எஃப்.-பீட்டா என்ற புரதத்தைச் சுரக்கிறது. சுற்றிலும் அது பரவ, படைகளின் வேகம் தணிகிறது. கட்டி வளர்கிறது.

சூடு தணிந்தே இருந்துவிடுவதில்லை. கட்டிக்குள் நுழையும் வெள்ளணுக்கள் இன்டர்லூக்கின்-6 என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அதன் அளவு ஓர் எல்லையைத் தாண்டியதும் டி.ஜி.எஃப்.-பீட்டாவின் தடை உடைகிறது என்று தைவான் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மறைந்திருந்த எம்.எச்.சி. புரதங்கள் கட்டிச் செல்களின் மேல் மீண்டும் தலைகாட்டுகின்றன. அந்நியர் என்று தெரிந்ததும் தாக்குதல் தொடங்குகிறது. சோதனைக்காகச் செலுத்தப்பட்ட கட்டிகள் பல நாய்களில் சில மாதம் வளர்ந்து, பிறகு தாமாகவே சுருங்கி மறைந்தது இதனால்தான். இயற்கையாகத் தொற்றிய நாய்களில் இப்படித் தானாக மறைவது குறைவு. ஆனாலும் உடலின் மற்ற உறுப்புகளுக்குக் கட்டி பரவுவது அரிது. குட்டிகளிலும் எதிர்ப்பாற்றல் குன்றிய நாய்களிலும்தான் அந்த ஆபத்து அதிகம்.

பாலுக்கு இல்லாத ஒன்று நாய்க்கு உண்டு: நினைவு. கட்டியிலிருந்து தானாக மீண்ட நாயின் எதிர்ப்பாற்றல் அந்தச் செல்லை மறப்பதில்லை. மறுபடி செலுத்தினாலும் கட்டி பிடிப்பதில்லை. நோய்க்கு ஆளான தாயின் குட்டிகளுக்கும் ஓரளவு பாதுகாப்பு கிடைக்கிறது.

முதல் உறை எந்த வீட்டில்?

2014-இல் ஆய்வாளர் எலிசபெத் மர்ச்சிசனின் குழு இரண்டு கட்டிகளின் முழு மரபணுத் தொகுப்பையும் படித்தது. ஒன்று ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் நாயிடமிருந்து, மற்றொன்று பிரேசிலில் ஒரு காக்கர் ஸ்பேனியலிடமிருந்து. கட்டியில் ஏறத்தாழ 19 லட்சம் பிறழ்வுகள் சேர்ந்திருந்தன. மனிதப் புற்றுநோய்களில் பெரும்பாலும் சில ஆயிரம்தான் இருக்கும். 600-க்கும் மேற்பட்ட மரபணுக்களை இந்தக் கட்டி அடியோடு இழந்திருந்தது. அவ்வளவையும் இழந்த பிறகும் அது உயிரோடு இருக்கிறது.

பிறழ்வுகள் காலப்போக்கில் ஓரளவு சீராகச் சேரும் என்பதால் அவற்றைக் கொண்டு வயதைக் கணிக்கலாம். 2019-இல் 43 நாடுகளிலிருந்து 546 கட்டிகளை ஒப்பிட்ட ஆய்வு, முதல் கட்டி 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் தோன்றியது என்றது. இன்றும் உயிரோடு தொடரும் புற்றுநோய்களில் நமக்குத் தெரிந்தவரை மிகப் பழையது இதுதான்.

கட்டியின் மரபணுக்களுக்குள் அந்த முதல் நாயின் சாயலும் எஞ்சியிருக்கிறது. நடுத்தரமோ பெரியதோ ஆன உடல். நரித்தோல் போலக் கலந்த நிறமோ கறுப்போ கொண்ட முடி. நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர்ந்து வந்த சிறு கூட்டத்தில் பிறந்தது. அதற்கு மிக நெருங்கிய சொந்தம் எது என்று 2018-இல் தெரிந்தபோது ஆய்வாளர்களே வியந்தார்கள். ஐரோப்பியர் வருவதற்கு முன் அமெரிக்கக் கண்டங்களில் பழங்குடி மக்களோடு வாழ்ந்த நாய்கள்தான் அவை. ஐரோப்பியர் கால் வைத்த பிறகு அந்த நாய்க் குலம் ஏறக்குறைய முற்றாக அழிந்துபோனது. அந்த வம்சத்தின் மரபணுக்கள் இன்று பெருமளவில் எஞ்சியிருப்பது இந்தப் புற்றுக் கட்டிக்குள்தான். கட்டி அமெரிக்காவுக்குப் போனதோ சுமார் 500 ஆண்டுகளுக்கு முன், கடல் கடந்த மனிதர்களின் நாய்களோடு. அங்கிருந்து மறுபடி கப்பலேறி மற்றக் கண்டங்களுக்கும் பரவியது.

2019 ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. கட்டிகள் உடலின் வெளிப்புறம் இருப்பதால் வெயில் படுகிறது. புற ஊதாக் கதிர் உண்டாக்கும் தனி வகைப் பிறழ்வுகள் கட்டியில் பதிகின்றன. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க அவை கூடுகின்றன. எந்த நாட்டு வெயிலில் திரிந்தது என்பதைக் கட்டி தன் மரபணுவிலேயே எழுதி வைத்திருக்கிறது.

புதுப் பாலிடமிருந்து வாங்குவது

இணைசேர்ந்து மரபணுக்களைக் கலந்துகொள்ள வாய்ப்பில்லாமல், தன்னையே பிரதியெடுத்து வாழும் உயிருக்கு ஒரு சிக்கல் உண்டு. பழுதுகள் சேர்ந்துகொண்டே போகும், களைய வழியிருக்காது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாவுக்குத் தனியாக டி.என்.ஏ. உண்டு. அதில் பழுது சேர்ந்தால் செல் தளர்ந்துவிடும்.

இந்தக் கட்டி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது. சுமக்கும் நாயின் செல்களிலிருந்து புது மைட்டோகாண்டிரியாவை வாங்கித் தன்னுடையதாக்கிக்கொள்கிறது. 2011-இல் இது முதலில் தெரியவந்தது. 39 நாடுகளின் 449 கட்டிகளைப் பார்த்த 2016 ஆய்வு, இது குறைந்தது 5 தனித்தனி முறை நடந்திருப்பதாகக் காட்டியது. வீட்டுக்கு வீடு போன உறையில், புதுப் பாலில் இருந்த நுண்ணுயிர் எப்போதாவது ஒன்று சேர்ந்து நிலைத்துவிடுவதைப் போல. ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்கு மைட்டோகாண்டிரியா போவது இயற்கையில் நிலைத்து நின்றதற்கு இவ்வளவு தெளிவான சான்று வேறெங்கும் எளிதில் கிடைக்காது. மனிதப் புற்றுநோயை ஆராய்பவர்களும் இதைக் கூர்ந்து கவனிப்பது அதனால்தான்.

கொல்லாத புற்று

டாஸ்மேனியன் டெவில் என்ற விலங்குக்கும் தொற்றுப் புற்றுநோய் உண்டு. 1996-இல் முதலில் காணப்பட்டது. சண்டையில் முகத்தைக் கடிக்கும்போது பரவும் கட்டி அது. வந்த விலங்கைப் பெரும்பாலும் கொன்றுவிடும். நோய் நெடுநாள் நிலைத்த பகுதிகளில் டெவில்களின் எண்ணிக்கை 80 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது.

நாய்க் கட்டி அப்படிச் செய்யவில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நாயோடு வாழ்ந்து பழகியதால் நாயின் உடலும் கட்டியும் ஏதோ ஓர் உடன்பாட்டுக்கு வந்திருக்கின்றன. உறை அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை இந்த வீட்டுத் தயிர் கெட்டுப்போகக் கூடாது. சுமக்கும் நாய் நடமாட வேண்டும், இணைசேர வேண்டும். அதை உடனே கொல்லும் கட்டி தானும் அதோடு மண்ணுக்குப் போய்விடும். ஆனால் இந்த உடன்பாட்டுக்கு விலை கொடுப்பது நாய்தான். ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். புண்ணில் ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும். பெரிய கட்டி சிறுநீர்ப் பாதையை அடைத்து வேதனை தரும்.

அடுப்பை மறுபடி ஏற்றும் மருந்து

இவ்வளவு பழைய, இவ்வளவு கெட்டிக்காரப் புற்றுநோய், மருந்துக்கு மிக எளிதில் அடங்குகிறது. வின்கிரிஸ்டின் என்ற மருந்தை வாரம் ஒருமுறை ரத்தக்குழாய் வழியே ஏற்றுகிறார்கள். பெரும்பாலான நாய்களுக்கு 4 முதல் 8 வாரங்களில் கட்டி முற்றாக மறைகிறது. பத்தில் ஒன்பது நாய்களுக்கு மேல் குணமாகின்றன. அறுவை சிகிச்சை மட்டும் செய்தால் கட்டி பலமுறை திரும்பி வருகிறது. மருந்து அப்படி விடுவதில்லை.

அந்த மருந்து வரும் செடி நமக்குப் பழக்கமானது. நித்தியகல்யாணி, ஊர்ப்புறத்தில் சுடுகாட்டுப் பூ என்பார்கள். மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட செடி. மருந்துக்காகத் தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் மானாவாரி நிலத்தில் பயிரிடப்படுகிறது. வின்கிரிஸ்டினுக்கு 1963-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் அது இன்றும் முக்கிய மருந்து.

செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் நுண்குழாய்களை வின்கிரிஸ்டின் கட்டவிடாது. பிரிய முடியாத செல் சாகிறது. நாய்களில் மருந்தின் வேலை அதோடு நிற்கவில்லை என்று 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. மருந்து ஏறியதும் கட்டிப் பகுதியில் சி.சி.எல்.5 போன்ற அழைப்புச் சமிக்ஞைகள் எழுகின்றன. அவற்றைத் தொடர்ந்து எதிர்ப்புச் செல்கள் கூட்டமாக உள்ளே நுழைகின்றன. மருந்து தொடங்கி வைக்கிறது. முடித்து வைப்பதில் நாயின் சொந்த எதிர்ப்பாற்றலுக்குப் பெரும் பங்கு இருக்கிறது. ஆறிப்போன பால் மறுபடி சூடேறியதும் உறை தாங்குவதில்லை. மனிதப் புற்றுநோயிலும் இப்படி எதிர்ப்பாற்றலைத் தட்டியெழுப்ப முடியுமா என்று தேடுபவர்களுக்கு இந்தக் கட்டி ஒரு திறந்த பாடநூல்.

மருந்து கவனமாகக் கையாள வேண்டியது. ரத்தக்குழாயை விட்டு வெளியே கசிந்தால் சதை அழுகலாம். வெள்ளணுக்கள் குறைகின்றனவா என்று ரத்தப் பரிசோதனையில் பார்த்துக்கொண்டே வர வேண்டும். கால்நடை மருத்துவர் செய்ய வேண்டிய சிகிச்சை இது.

நாம் செய்யக்கூடியது

பிரிட்டனில் 20-ஆம் நூற்றாண்டில் தெருவில் நாய்கள் தன்னிச்சையாகத் திரிவதைச் சட்டங்கள் கட்டுப்படுத்தின. இந்த நோயைக் குறிவைத்த சட்டங்கள் அல்ல அவை. ஆனாலும் நோய் அங்கே ஏறக்குறைய இல்லாமல் போனது. கண்டபடி இணைசேர்வது நின்றால் செல்களுக்குப் போக வழியில்லை.

இந்தியாவில் அதே வேலையைக் கருத்தடை மூலம் செய்ய முடியும். 2001-இல் வந்து 2023-இல் திருத்தி எழுதப்பட்ட விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடச் சொல்கின்றன. பொதுவாக எண்ணிக்கையைக் குறைக்கவும் வெறிநோயைத் தடுக்கவும்தான் இதைப் பேசுகிறோம். இந்தக் கட்டி பரவும் வழியை அது வெட்டிவிடுகிறது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். ஒரு தெருவில் பெரும்பாலான நாய்களுக்குக் கருத்தடை ஆகிவிட்டால் அந்தத் தெருவில் இந்தப் புற்றுநோய் மெல்ல மெல்லக் குறையும்.

பின்புறம் ரத்தம் கசியும் பெண் நாயைப் பார்த்தால் பலரும் பருவம் வந்திருக்கிறது என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். பருவ ரத்தம் சில வாரங்களில் நின்றுவிடும். அதற்குப் பிறகும் சொட்டிக்கொண்டே இருந்தால், அல்லது ஆண் நாயின் உறுப்பிலிருந்து ரத்தம் சொட்டினால், அது இந்தக் கட்டியாக இருக்கலாம். அந்த நாயைக் கல்லால் அடித்து விரட்டவோ, ‘புற்றுநோய் வந்துவிட்டது, இனி பிழைக்காது’ என்று கைவிடவோ காரணமே இல்லை. மனிதருக்கு இது தொற்றியதாகப் பதிவில்லை. பகுதியில் உள்ள கால்நடை மருத்துவமனைக்கோ விலங்கு நல அமைப்புக்கோ தகவல் சொல்லலாம். கட்டி சிறிதாக இருக்கும்போதே பிடித்தால் குறைந்த ஊசிகளில் குணமாகும். பிறகு கருத்தடையும் செய்துவிட்டால் அந்த நாயிடமிருந்து இன்னொரு நாய்க்கு நோய் போகும் வாய்ப்பு மிகக் குறைவு. பல ஆயிரம் ஆண்டுகளாக அறுபடாமல் வந்த சங்கிலி அது. அதை அறுக்கத் தேவையான மருந்தும் அறுவையும் இன்று நம் ஊர் மருத்துவமனைகளிலேயே இருக்கின்றன.